ஐந்தரை மணிப் பால்

சொன்னால் தப்பாகத்தான் சொல்லித் தொலைப்போம் என்று தனபாக்கியத்துக்குப் பட்டது. எந்த முனையைப் பிடித்து ஆரம்பித்தாலும் அது தன் கழுத்தில் வந்து சுற்றிக்கொள்ளும். காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தால், அவ்வளவு சொல்லியும் ஏன் கொடுத்தாய் என்பார்கள். அழுதாள், கொடுத்தேன் என்றால் எதில் கொடுத்தாய் என்பார்கள். டம்ளரில் என்று சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே சதை துடிக்கும். அது அவளுக்கே தெரியும், மேகலாவுக்கும் இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்கும். பாட்டிலில் என்று உள்ளதைச் சொன்னால், பாட்டிலை நிறுத்தி இரண்டரை வருஷம் ஆயிற்றே, ஏது பாட்டில் என்பார்கள். அதோடு நின்றுவிடாது. அதனால் அழுததிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, வலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ராத்திரி முழுக்கப் பல்வலி என்று. ஆனால் ராத்திரி பிள்ளை அசையாமல் தூங்கினாள் என்று காலையில் அவளே மேகலாவிடம் சொல்லியிருந்தாள். ஏன் சொன்னோம்? மேகலா கேட்டாள், வாயில் வந்தது, சொல்லிவிட்டாள். மடியில் பிள்ளை கனத்தது. மகிழினி, தம்பி குணசீலனின் ஒரே மகள், வருகிற கார்த்திகைக்கு ஐந்து முடிகிறது. வலது கன்னம் இன்னும் லேசாகப் புடைத்திருந்தது. தம்பி லீவு கிடைக்காமல் வேலைக்குப் போய்விட்டான். தம்பி மனைவி மேகலா பக்கத்து நாற்காலியில் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, அதன் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பல் ஆஸ்பத்திரியின் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய பல், கை கால் முளைத்து, கையில் பிரஷ் பிடித்துக்கொண்டு சிரித்தது. பல் எங்கே சிரித்தது, நாற்பத்தெட்டு வயதில் தனபாக்கியம் பார்த்த பல்லெல்லாம் அழவைத்த பல்தான். அந்தப் பல்லுக்கு மேலே கடிகாரம். எட்டே முக்கால். ஒன்பதரைக்கு மகியை உள்ளே கொண்டுபோவார்கள்.

ஐந்தரையிலிருந்து ஒன்பதரை. அவள் புடவைத் தலைப்புக்குள் விரலை மடக்கினாள். ஆறரை ஒன்று, ஏழரை இரண்டு, எட்டரை மூன்று, ஒன்பதரை நாலு. ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று போன வாரமே சிஸ்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பால் கூடாது, பிஸ்கட் கூடாது, ஒரு வாய் சோறு கூடாது, தண்ணீர் மட்டும் காலை ஏழரை வரைக்கும் கொடுக்கலாம். எட்டுப் பல்லில் வேலை இருக்கிறது, நாலைப் பிடுங்க வேண்டும், நாலைச் சுத்தம் செய்து மேலே உலோகத் தொப்பி மாட்ட வேண்டும், இவ்வளவு சின்னப் பிள்ளை விழித்திருக்கும்போது அதெல்லாம் நடக்காது, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். மேகலா ஏன் என்று கேட்காத விஷயமே கிடையாது, இதையும் ஏன் என்று கேட்டாள். அந்த சிஸ்டர் நல்ல பெண், சின்னப் பெண், மூக்குத்தி போட்டவள், பொறுமையாகச் சொன்னாள். "மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும்மா. அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாம போயிடலாம்." ஒண்ணும் பண்ண முடியாம. விரலை மறுபடி மடக்கினாள். இந்தத் தடவை கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தாள். நாலுதான். பால் என்றாலும் அதில் பாதி தண்ணீர், பாதிக்கு மேலேயே தண்ணீர், அப்படியென்றால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க முடியாதா? தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும் என்றாள். ஆனால் சீனி போட்டது. இரண்டு ஸ்பூன் சீனி. மூன்று. அதில் ஒரு ரஸ்க்கை நசுக்கிப் போட்டுக் கரைத்து, ரப்பர் நுனியின் துளையைப் பெரிதாக்கி வைத்திருந்தாளே, அந்த ரஸ்க் தண்ணீரில் சேராது. அது அந்தச் சின்ன வயிற்றுக்குள் களியாக உட்கார்ந்திருக்கும். கையை மகியின் வயிற்றில் வைத்தாள். சூடாக இருந்தது. மேலும் கீழும் ஏறி இறங்கியது. உள்ளே இருப்பது கைக்குத் தெரியுமா என்று அழுத்திப் பார்த்தாள். மகி, கூசுது அத்த, என்று நெளிந்தாள்.

ஐந்தரைக்கு மேகலா குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது தனபாக்கியத்துக்குப் பழகிப்போன கணக்கு. பிள்ளை எழுந்து, பாட்டி என்றது. பாட்டிலைத்தான் அது அப்படிச் சொல்லும், வெளியே யாராவது கேட்டால்கூடத் தெரியாது. இன்றைக்குக் கூடாது கண்ணு என்று சொல்லத்தான் செய்தாள். ஒரு தடவை சொன்னாள். பிள்ளை வாயைக் கோணியது. அழுகை வரும், அழுகை வந்தால் மேகலா ஈரத்தோடு வெளியே வருவாள், வந்தால் என்ன கேட்கிறாள் என்பாள். அழுகை வருவதற்கு முன்னால் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த நேரத்தில் தோன்றியது, மயக்கமும் நுரையீரலும் தோன்றவில்லை. கை தானாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் போனது. இரண்டரை வருஷம் போன வழி. ஒன்றரை வயதில் மேகலா பாட்டிலை நிறுத்தினாள், வீட்டிலிருந்த மூன்றையும் குப்பையில் போட்டாள், பல் கெட்டுவிடும் அண்ணி என்றாள். ஒரு வாரம் பிள்ளை மத்தியானம் தூங்காமல் கத்தித் தீர்த்தது. மேகலா இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருந்தாள், கத்தலைக் கேட்டவள் தனபாக்கியம். எட்டாம் நாள் தெருமுனைக் கடையில் நீல மூடி போட்ட ஒரு பாட்டிலை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வெறும் பாலைத் துப்பியது, சீனி போட்டதும் பிடித்துக்கொண்டது. வாயில் ரப்பரோடு அது தூங்கும், எடுத்தால் விழிக்கும், அதனால் எடுக்காமல் விட்டுவிடுவாள். ராத்திரியும் பிள்ளை அவளோடுதான் படுத்தது. மேகலா சின்னப் பிரஷ் வாங்கினாள், பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்று காட்டிக்கொடுத்தாள், குளியலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, பல் தேய்க்கும்போதெல்லாம் ஒரு நட்சத்திரம் ஒட்டச் சொன்னாள். பிரஷ்ஷைக் கண்டால் மகி பல்லைக் கடித்துக்கொள்வாள், தேய்த்தால் ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்தால் தனபாக்கியம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவாள். நட்சத்திரத்தை மட்டும் ஒட்டினாள். தாள் தாளாக நட்சத்திரம். முன்பல் நாலும் முதலில் சுண்ணாம்பாக வெளுத்தது, பிறகு பழுப்பு, பிறகு ஓரம் உதிர்ந்து கருப்புக் குச்சியானது. இரும்பு டானிக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று அவள் சொன்னாள், தம்பியும் நம்பினான். பால்பல்தானே, விழப்போகிறதுதானே என்றும் சொன்னாள், அதை அவளும் நம்பினாள், சத்தியமாக நம்பினாள். கடைசியில் கன்னம் வீங்கிச் சீழ் கட்டிய அன்று மேகலா லீவு போட்டுவிட்டு இங்கே தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தாள், பாட்டில் பழக்கம் உண்டா என்றாள். மேகலா தலையை நிமிர்த்தி, ஒன்றரை வயசுலயே நிறுத்தியாச்சு டாக்டர், ரெண்டு வேளையும் பல்லு தேய்ப்பா, என்று சொல்லி போனில் நட்சத்திரத் தாளின் படத்தை எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். பிறகு தனபாக்கியத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு வாரமாகச் சோற்றிலும் தண்ணீரிலும் வருகிறது.

இப்போது அந்தப் பாட்டில் காலடியில், துணிப்பைக்குள், மகியின் மாற்றுக் கவுனுக்கும் துண்டுக்கும் அடியில் இருக்கிறது. கழுவ நேரம் கிடைக்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டது, வீட்டில் வைத்தால் ஈ மொய்த்துக் காட்டிக்கொடுக்கும் என்று பைக்குள் திணித்தாள். ஏசி குளிரிலும் பால் புளிக்கும் வாடை மேலே வருவது போல இருந்தது. பையை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மேகலா மூக்கை உறிஞ்சினாள். ஐயோ. இல்லை, அவள் அழுகிறாள். அழுகையைக் கர்சீப்பால் ஒற்றிக்கொண்டு மகியின் காலைத் தடவினாள். அப்போதுதான் மூக்குத்தி சிஸ்டர் அட்டையோடு வந்து, பெயரைக் கேட்டு, எடையைக் கேட்டு, கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டாள். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இட்லி என்று மேகலா சொன்னாள். அதுக்கப்புறம் என்றாள் சிஸ்டர். ஒண்ணுமே இல்ல, என்ன அண்ணி, என்று மேகலா திரும்பினாள். இதுதான் நேரம், இந்த இடம்தான், வாயைத் திறந்தால் போதும் என்று தனபாக்கியத்துக்குத் தெரிந்தது. வாய் திறக்கவும் செய்தது. தண்ணி ரெண்டு மடக்கு குடுத்தேன், ஏழு மணிக்கு, என்றது அந்த வாய். சிஸ்டர் எழுதிக்கொண்டாள். பிறகு குனிந்து பிள்ளையின் மூக்கைத் தொட்டு, "பாப்பா, காலையில நீ ஏதாச்சும் சாப்டியா? பால், பிஸ்கட்?" என்றாள். மகி சிஸ்டரைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள். கண்ணை அகலத் திறந்து, மூடிய உதட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நம்ம ரகசியம்தானே என்று கேட்கிற பார்வை. பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். நன்றாக, இரண்டு பக்கமும் ஆட்டினாள். சமத்து என்றாள் சிஸ்டர், இன்னும் கால் மணி நேரத்தில் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தான் பொய் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தலையாட்டல்தான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. யார் கற்றுக்கொடுத்தது? அவள்தான். அம்மாகிட்ட சொல்லக்கூடாது, சொன்னா பாட்டி போயிடும், அத்தையும் போயிடுவேன் என்று ஒவ்வொரு நாளும் காதில் ஓதி ஓதி வளர்த்தது. அது சொன்ன சொல் தவறாத பிள்ளை. உள்ளே படுக்கவைத்து முகமூடியை வைக்கும்போது மறுபடி கேட்டால் மறுபடியும் தலையை ஆட்டும். மூச்சு முட்டும்போதுகூடச் சொல்லாது. குணசீலனும் இப்படித்தான், காட்டிக்கொடுக்க மாட்டான். அப்பா போன பிறகு அம்மா செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் கூடத்துக்கு விடிந்ததும் போய்விடுவாள், தனபாக்கியத்தை ஆறாம் வகுப்போடு நிறுத்தி, எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துவிட்டார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்குக் கத்துகிற பிள்ளையை என்ன செய்யத் தெரியும்? வெல்லத்தைத் துணியில் முடிந்து வாயில் கொடுத்தாள். சப்பிக்கொண்டே கிடப்பான். அந்த நேரத்தில் அவள் தெருவில் ஏழாங்கல் விளையாடலாம். அம்மா வந்து வாயில் ஏண்டா பிசுபிசு என்றால் தம்பி இவளைத்தான் பார்ப்பான், இதே பார்வை. முப்பது வயதுக்குள் அவனுக்கு ஏழு பல் போனது. இன்றைக்கும் சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான், கல்யாணப் படத்தில்கூட உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறான். பல் எங்கள் குடும்பத்துக்கே ராசியில்லை டாக்டர், என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான், என்று மேகலா அன்றைக்குச் சொன்னாள். குடும்பம் இல்லை. நான். இரண்டு வாயிலும் நான்தான். இதற்கு முன்னால் இது ஏன் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொண்டேதான் இருந்தோமா, என்று அவள் நினைத்தாள். நினைப்பு மேலே போகாமல் கடிகாரத்தில் போய் முட்டியது. ஒன்பது ஐந்து. மூன்று மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம்.

மேகலாவிடம் மட்டும் சொல்லிவிடலாம், தனியாக, மெதுவாக. மேகலா கெட்டவள் இல்லை. கத்த மாட்டாள். கத்தினால் தேவலை. போன வருஷம் வீட்டு வேலைக்கு வந்த சகாயமேரி, பிள்ளையைக் குளிப்பாட்டாமலே குளிப்பாட்டியாச்சு என்று சொல்லிவிட்டாள். மேகலா குரலை உயர்த்தவில்லை, உட்காரவைத்துக் காபி கொடுத்தாள், அந்த மாதச் சம்பளத்தோடு ஒரு புடவையும் கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் மேரி என்றாள். பிறகு தனபாக்கியத்திடம் வந்து சொன்னாள், "எது வேணா பொறுத்துக்குவேன் அண்ணி, மகி விஷயத்துல பொய் மட்டும் என்னால முடியாது." எவ்வளவு சாந்தமாகச் சொன்னாள். தனக்கும் அப்படி ஒரு காபி, அப்படி ஒரு புடவை. அப்புறம்? புருஷன் வேறொருத்தியோடு போய்ப் பதினாறு வருஷம். அம்மா இல்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு கட்டில், ஒரு கொடி, பக்கத்தில் படுத்துத் தூக்கத்தில் காதைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை, அவ்வளவுதான் அவளுக்கு இந்த ஊரில். அது போனால் எந்தப் பேருந்தில் ஏறி எந்த ஊரில் இறங்குவது? மேகலா, என்றாள். குரல் வந்துவிட்டது. என்ன அண்ணி. மேகலாவின் கண் சிவந்திருந்தது. ஒண்ணுமில்ல, ஏசி நேரா புள்ள மேல அடிக்குது. மேகலா எழுந்து தன் துப்பட்டாவை எடுத்து மகியைப் போர்த்தினாள். போர்த்திவிட்டு தனபாக்கியத்தின் தோளைத் தொட்டாள். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அண்ணி. நேத்து ராத்திரியிலேர்ந்து நீங்களும் ஒண்ணும் சாப்பிடல." போய்க் கீழே கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் காபியும் வாங்கிக்கொண்டு வந்தாள். பாக்கெட்டைக் கையில் திணித்து, புள்ள பாக்காம சாப்பிடுங்க, பாத்தா கேப்பா, என்று காதோடு சொன்னாள். காபி ஆறியது. பிஸ்கட்டைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். கை வேர்த்துத் தாள் நசநசத்தது.

ஒன்பது இருபதுக்கு மேகலாவைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து ஒவ்வொரு தாளாகப் படிப்பது தெரிந்தது, அவள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். அந்தத் தாளில் குழந்தை வெறும் வயிறு என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே தாயின் கையெழுத்து. ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்துதான் நிற்கும், தனபாக்கியத்தின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஏதாவது ஆனால் பாட்டிலைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைப் பார்த்து அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மகியை இறுக்கிக்கொண்டாள். இல்லை, அப்படி நினைக்கவில்லை, அது என் நினைப்பு இல்லை, சாமி. எத்தனையோ பிள்ளைகள் தண்ணீரும் பாலும் குடித்துவிட்டு வந்திருக்கும், எல்லாவற்றுக்குமா ஆகிறது? ஆகாமலும் போகலாம். நூற்றில் ஒன்றுக்கு ஆகலாம். அந்த ஒன்று இப்போது மடியில் உட்கார்ந்து துப்பட்டாவின் குஞ்சத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது, ஏழுக்குப் பிறகு ஒன்பது சொல்கிறது. எட்டு கண்ணு என்றாள். எட்டு என்றது. வாய் திறந்தபோது கருப்புக் குச்சிகள் தெரிந்தன, சீனி வாடையும் சீழ் வாடையும் கலந்து அடித்தது. நடைபாதையின் கோடியில் கதவு திறந்தது. மூக்குத்தி சிஸ்டர் கையில் ஒரு சின்னப் பச்சை அங்கியை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். செருப்புச் சத்தம். பதினைந்து அடி இருக்கும். ஓடிப்போகலாமா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி. எதற்கு ஓடினாய் என்பார்கள். மயங்கி விழலாமா. அவளை ஓரமாகக் கிடத்திவிட்டுப் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். பத்து அடி. தலைப்புக்குள் கை பாக்கெட்டைக் கிழித்தது. அது என்ன செய்கிறது என்று அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை, கிழிபட்ட சத்தம் கேட்டபிறகுதான் தெரிந்தது. பிஸ்கட்டை வெளியே எடுத்தாள். மறைக்கவில்லை. சிஸ்டரின் கண்ணுக்கு நேராக, கையை நன்றாக உயர்த்தி, பிள்ளையின் வாயில் வைத்தாள். கடி கண்ணு என்றாள். மகி வலிக்காத பக்கமாகக் கடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தூரத்தில் நடப்பது போல இருந்தது. சிஸ்டர் ஓடிவந்து பிள்ளையின் வாயில் விரலை விட்டாள். பாதிதான் வந்தது. உங்களுக்கு எத்தன தடவம்மா சொல்றது, என்றாள், முகத்தில் பொறுமை போய்விட்டிருந்தது. டாக்டரம்மா வெளியே வந்தாள். இன்றைக்கு முடியாது, அடுத்த வியாழக்கிழமை பார்க்கலாம், அதுவரைக்கும் அதே மாத்திரை, வலி இருக்கத்தான் செய்யும், வீக்கம் ஏறினால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றாள். பேசும்போது தனபாக்கியத்தின் காலடியில் இருந்த பையை ஒரு தரம் பார்த்தது போல இருந்தது. இல்லை, தரையைப் பார்த்தாள். தரையில் பிஸ்கட் தூள் கிடந்தது. பிள்ளை பசிக்குதுன்னா, மறந்துட்டேன், புத்தி மழுங்கிப்போச்சு எனக்கு, என்று தனபாக்கியம் சொன்னாள். இடது கண்ணுக்குக் கீழே துடித்தது, அதைக் கையால் பொத்திக்கொண்டாள், பார்ப்பவர்களுக்கு அழுகிற மாதிரி இருந்தது. அழுகையும் வந்துவிட்டது. மேகலா பேனாவோடு நின்றாள். திட்டப்போகிறாள் என்று அவள் காத்திருந்தாள், திட்டு வேண்டும் என்று இருந்தது. மேகலா நாற்காலியில் உட்கார்ந்து, "என் தப்பு. நான்தான் பாக்கெட்ட உங்க கையில குடுத்துட்டுப் போனேன்" என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். பிறகு சிஸ்டர் அட்டையில் எழுதிக்கொள்வதற்காக அவளே பிள்ளையிடம் திரும்பி, பிஸ்கட் யார் குடுத்தாங்க, எத்தன தின்ன, என்று கேட்டாள். மகி வாயில் ஒட்டியிருந்த தூளை நக்கிக்கொண்டே அத்தையைப் பார்த்தாள். அதே அகலமான கண். எக்கி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூச்சுச் சூடு படும்படி காதில் கேட்டாள்.

"அத்த, இதச் சொல்லலாமா?"

தனபாக்கியம் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். சொல்லு கண்ணு என்றாள், இதச் சொல்லலாம்.